பழமதுவின் நிறமும் இரண்டு கரண்டி ஆப்பச் சோடாவும்

(மூன்றாமாண்டு இளம் அறிவியல், வேதியியல் மாணவன் எழுதியது)

ஆண்டு மலருக்கு வேதியியல் துறையிலிருந்து யாரேனும் ஒருவர் கட்டுரை தர வேண்டும் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தார்கள். சோப்பு, உரம், நெகிழி ஆகிய மூன்றும் முந்தைய மலர்களில் வந்துவிட்டன. நான் எழுதத் துணிந்திருப்பது வீட்டில் செய்யும் பழமதுவின் நிறத்தைப் பற்றி. தலைப்பைக் கண்டதும் முகம் சுளிக்க வேண்டா. நம் மாநிலத்தில் உரிமம் இன்றி வீட்டில் மது தயாரிப்பது 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம் என்பதை நான் அறிவேன். நான் ஒரு சொட்டும் செய்யவில்லை, அருந்தவுமில்லை. ஆனால் எட்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த ஒரு ஜாடி ஒயினைத் தொலைபேசி வழியாகவே கெடுத்த பெருமை எனக்கு உண்டு. அந்தக் கதையைச் சொல்லாமல் அதன் வேதியியலை மட்டும் சொன்னால் கட்டுரை நேர்மையாக இராது.

என் தாய்மாமன் இங்கிலாந்தில் ஒரு மருத்துவமனையில் பணிபுரிகிறார். அந்நாட்டில் விற்பனைக்கல்லாமல் தம் வீட்டுக்கென்று பழங்களைப் புளிக்கவைத்து ஒயின் செய்துகொள்வதற்கு யாருக்கும் தடையில்லை. திராட்சை நன்கு விளையாத குளிர்நாடு ஆதலால், வேலியோரத்தில் தானே காய்த்துக் கிடக்கும் பழங்களில் செய்வார்கள். செப்டம்பர் மாதத்தில் பாதையோர முட்புதர்களில் பிளாக்பெர்ரி என்னும் கரும்பழம் கொத்துக் கொத்தாகப் பழுக்கும். பார்ப்பதற்கு நம் மல்பெரிப் பழத்தைப் போல இருக்கும். பறித்தவன் விரல்கள் இரண்டு நாளைக்கு ஊதா நிறமாகவே இருக்கும் என்பார் மாமா. கிராமத்துக் கண்காட்சிகளில் இந்த வீட்டு ஒயின்களுக்குத் தனிப் போட்டியே உண்டு. சுவைக்கு மட்டுமன்றித் தெளிவுக்கும் நிறத்துக்கும் அங்கே மதிப்பெண் போடுவார்கள்.

மாமாவின் பக்கத்து வீட்டில் ஒரு மூதாட்டி தனியே வாழ்கிறார். அவருடைய கணவர் ஆண்டுதோறும் பிளாக்பெர்ரி ஒயின் செய்து தெருவில் உள்ளவர்களுக்கெல்லாம் ஒவ்வொரு புட்டி கொடுப்பாராம். மாமா அந்த ஊருக்குப் புதிதாகச் சென்றபோது அவர் கதவைத் தட்டிய முதல் மனிதர், கையில் ஒரு புட்டியோடு வந்த அந்தக் கிழவர்தான். அவர் இறந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. சென்ற ஆண்டு மூதாட்டி, கணவருடைய குறிப்பேட்டை மாமாவிடம் கொடுத்து, "உன்னால் முடிந்தால் செய்து பார், மார்ச் மாதம் எனக்கு எண்பது வயது நிறைகிறது, அவர் செய்ததைப் போன்ற ஒன்றை அன்றைக்குக் குடிக்க ஆசை" என்றாராம். மாமாவுக்கு ஒயின் செய்து பழக்கமில்லை. ஆனால் மறுக்க மனம் வரவில்லை.

குறிப்பேட்டின்படி ஒரு காலன், அதாவது நாலரை லிட்டருக்கு 4 பவுண்டு பழம், 3 பவுண்டு சர்க்கரை, ஈஸ்ட். மாமா இரண்டு காலன் செய்தார். வாளியில் பழத்தை நசுக்கிக் கொதிநீர் ஊற்றி, ஆறியபின் ஈஸ்ட் இட்டு, ஐந்து நாள் கழித்து வடிகட்டி, குறுகிய கழுத்துள்ள இரண்டு கண்ணாடி ஜாடிகளில் நிரப்பி, காற்று வெளியேறலாம், உள்ளே வரக்கூடாது என்னும்படி அடைப்பு வைத்தார். நுரைத்து அடங்கியபின் தெளிவை மட்டும் வேறு ஜாடிக்கு மாற்றி, கெடாமலிருக்கக் கேம்ப்டன் மாத்திரைகளைப் போட்டார். டிசம்பரில் எனக்கு ஒரு படம் அனுப்பினார். மூதாட்டியின் அலமாரியில் மிஞ்சியிருந்த கிழவரின் கடைசிப் புட்டி ஒருபுறம். அது கருஞ்சிவப்பாக மாணிக்கம்போல் இருந்தது. மறுபுறம் மாமாவின் ஜாடி. ரோஸ்மில்க்கில் தண்ணீர் ஊற்றியதுபோல் இருந்தது.

"என்ன மாப்ளே, நீதானே கெமிஸ்ட்ரி படிக்கிறவன். கலரும் இல்லை, வாயில வச்சா புளி. என்னடா செய்யலாம்?"

நான் அப்போது பருவத்தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். புளிப்பு என்றால் அமிலம். அமிலத்துக்கு மாற்று காரம். வீட்டில் கிடைக்கும் காரம் ஆப்பச் சோடா. பத்தாம் வகுப்புப் பாடம் இது. "இரண்டு கரண்டி சோடாவைப் போடுங்க மாமா, சரியாயிடும்" என்று சொல்லிவிட்டுப் புத்தகத்துக்குத் திரும்பிவிட்டேன். தேக்கரண்டி என்று நான் சொல்லவில்லை. அவர் மேசைக்கரண்டியால் இரண்டு கரண்டி, ஏறக்குறைய 30 கிராம், ஒரு ஜாடியில் கொட்டினார். கரியமில வாயு பொங்கி ஜாடியின் கழுத்து வழியே கால்வாசி தரைவிரிப்பில் வழிந்தது. மிஞ்சியது இரண்டே நிமிடத்தில் சாம்பலும் ஊதாவும் கலந்த நிறமாகிவிட்டது. மழைத் தண்ணீரில் மைக்கூடு கவிழ்ந்ததுபோல என்று எழுதியிருந்தார். திட்டவில்லை. "இன்னொரு ஜாடி இருக்கு, அதைத் தொடலை" என்று மட்டும் சேர்த்திருந்தார். அந்த ஒரு வரிதான் என்னை நூலகத்துக்கும் ஆய்வகத்துக்கும் துரத்தியது.

பழத்தின் சிவப்பு, ஊதா, நீல நிறங்களுக்குப் பெரும்பாலும் காரணமாக இருப்பவை அந்தோசயனின்கள் என்னும் நிறமிகள். கிரேக்க மொழியில் மலர், நீலம் என்னும் பொருள்தரும் இரு சொற்களை இணைத்து 1835இல் மார்க்வார்ட் என்ற ஜெர்மானிய அறிஞர் இப்பெயரைச் சூட்டினார். பிளாக்பெர்ரியிலும் நாவலிலும் கருந்திராட்சைத் தோலிலும் இருப்பவை இக்குடும்பத்தைச் சேர்ந்தவையே. நம்மில் பலர் பள்ளியில் செம்பருத்திப் பூவின் சாற்றைத் தாளில் தேய்த்து, எலுமிச்சைக்கு ஒரு நிறமும் சோப்பு நீருக்கு வேறொரு நிறமும் காட்டியிருப்போம். அதுவும் அந்தோசயனினின் வேலைதான். (ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பது வேறு கதை, அங்கே நிறம் மாறுவது குர்க்குமின்.) நாமெல்லாம் வாயு விதியால் மட்டும் அறிந்திருக்கும் இராபர்ட் பாயில், 1664இல் நிறங்களைப் பற்றி எழுதிய நூலில், வயலட் பூவின் பாகு அமிலத்தில் சிவப்பாகவும் காரத்தில் பச்சையாகவும் மாறுவதை விவரித்திருக்கிறார். எனவே என் மாமாவின் தரைவிரிப்பில் நிகழ்ந்த சோதனை முந்நூற்றறுபது ஆண்டுப் பழமையானது.

அந்தோசயனின் மூலக்கூறு ஒரே உருவில் நிற்பதில்லை என்பதுதான் இதன் சூட்சுமம். மிகுந்த அமிலத்தில், அதாவது பி.எச். அளவு 1, 2 என்று இருக்கும்போது, அது நேர்மின்னூட்டம் கொண்ட ஃபிளேவிலியம் அயனியாக நிற்கிறது. அதுவே நல்ல சிவப்பு. அமிலம் குறையக் குறைய, நீர் மூலக்கூறு ஒன்று வந்து அதனோடு சேர்ந்துகொள்கிறது. சேர்ந்ததும் நிறம் போய்விடுகிறது. பி.எச். 4, 5 என்னும் இடத்தில் கரைசல் வெளிறுவது இதனாலேயே. இன்னும் ஏறி 6, 7 ஆகும்போது புரோட்டானை இழந்த வேறொரு வடிவம் தலைதூக்கி ஊதாவும் நீலமும் காட்டுகிறது. காரம் மிகுந்தால் வளையமே திறந்து மஞ்சளாகிறது. அந்நிலையில் காற்றும் பட்டுவிட்டால் அது பெரும்பாலும் திரும்பி வருவதில்லை.

ஒயினின் பி.எச். பெரும்பாலும் 3க்கும் 4க்கும் இடையில் நிற்கும். மேலே சொன்ன கணக்கில் வைத்துப் பார்த்தால், இளம் ஒயினில் உள்ள அந்தோசயனினில் ஒரு சிறு பகுதிதான் சிவப்பு உருவில் இருக்கிறது. பெரும்பகுதி நிறமின்றி ஒளிந்திருக்கிறது. இதை முதன்முதலில் படித்தபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஆனால் இது தெரிந்தபின் என் பிழை தெளிவாயிற்று. புளிப்பைக் குறைக்கிறேன் என்று அமிலத்தைத் தொட்டால் நிறத்தையும் தொட்டே தீர வேண்டும். ஒன்றை விட்டு ஒன்றைச் சரிசெய்ய வழியில்லை.

ஜனவரியில் கல்லூரி திறந்ததும் எங்கள் பேராசிரியரிடம் நடந்ததைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். "எத்தனை கரண்டி? என்ன கரண்டி?" என்று கேட்டார். அதற்குப்பின் சற்று நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "ஒரு கிலோ பன்னீர்த் திராட்சை வாங்கிவா, தோலை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்" என்றார். கம்பம் பள்ளத்தாக்கில் ஏறக்குறைய ஆண்டு முழுவதும் கிடைக்கும் பழம் அது. 2023இல் புவிசார் குறியீடும் பெற்றது. நாவல் இன்னும் பொருத்தமாக இருந்திருக்கும், ஆனால் ஜனவரியில் நாவலுக்கு எங்கே போவது?

தோலைச் சிறிது சிட்ரிக் அமிலம் கலந்த நீரில் ஊறவைத்து வடித்தோம். நொதிக்கவைக்கவில்லை, வெறும் சாறுதான். அதைச் சோதனைக் குழாய்களில் சமமாக ஊற்றி வரிசையாக நிறுத்தினோம். ஒன்றை ஒப்பிடுவதற்காகத் தொடாமல் வைத்தோம். ஒன்றில் எலுமிச்சை, சிவப்பு கூடியது. ஒன்றில் ஆப்பச் சோடா, துளித்துளியாக. முதலில் வெளிறி, பிறகு அந்தச் சாம்பல் ஊதா. மாமாவின் ஜாடியை நேரில் பார்த்ததுபோல் இருந்தது. உடனே சிட்ரிக் அமிலம் விட்டதும் சிவப்பு திரும்பியது. ஆனால் சோடா விட்டு ஒரு வாரம் அப்படியே விட்டுவைத்த இன்னொரு குழாயில் எவ்வளவு அமிலம் விட்டும் பழைய சிவப்பு வரவில்லை. தேநீர் போன்ற பழுப்புதான் வந்தது. இதைக் கண்டவுடன் வகுப்புக்குப் போகாமல் வராந்தாவில் நின்று மாமாவுக்குப் பேசினேன். அவர் ஜாடியில் சோடா விழுந்து அன்றைக்கு மூன்று வாரம்.

அடுத்த குழாய்தான் எனக்குப் பெரிய பாடம். கேம்ப்டன் மாத்திரை என்பது சோடியம் அல்லது பொட்டாசியம் மெட்டாபைசல்பைட்டு. இங்கிலாந்தில் சிப்பிங் கேம்ப்டன் என்னும் ஊரில் பழங்களைப் பதப்படுத்த 1920களில் உருவாக்கிய முறையிலிருந்து வந்த பெயர். ஒரு காலனுக்கு ஒரு மாத்திரை போட்டால் லிட்டருக்கு ஏறக்குறைய 50 மில்லிகிராம் கந்தக டையாக்சைடு கிடைக்கும்; வேண்டாத நுண்ணுயிர்களை அடக்க அது போதும். எங்கள் ஆய்வகத்திலிருந்த மெட்டாபைசல்பைட்டில் ஒரு சிட்டிகையைத் திராட்சைச் சாற்றில் போட்டோம். குலுக்கியதுதான் தாமதம், சிவப்பு மறைந்துவிட்டது. நிறமி அழியவில்லை. பைசல்பைட்டு அயனி ஃபிளேவிலியத்தோடு கைகோத்து நிறமற்ற சேர்மமாகிவிடுகிறது, அவ்வளவே. நீர்த்த ஹைட்ரஜன் பெராக்சைடு இரண்டு சொட்டு விட்டதும் பைசல்பைட்டு சல்பேட்டாகி விலகிப்போக, சிவப்பு மெல்ல மீண்டது. மூன்றாவது சொட்டில் பழுப்படிக்கத் தொடங்கியது. பெராக்சைடு ஆய்வகத்துக்கு உரியது, மாமாவின் சமையலறைக்கு அன்று என்று பேராசிரியர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"மாமா, எத்தனை மாத்திரை போட்டீங்க?"

"ஜாடிக்கு மூணு. கெட்டுப்போகக் கூடாதேன்னு ஒரு பயம்."

ஆக அவருடைய இரண்டு ஜாடிகளும் வெளிறியிருந்ததற்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது. என் சோடா வருமுன்பே அங்கே நிறம் கட்டுண்டு கிடந்தது. அதை விடுவிக்க அமிலத்தைத் தொடவே தேவை இருக்கவில்லை. கந்தக டையாக்சைடு நாளடைவில் ஒயினிலுள்ள வேறு பொருள்களோடு சேர்ந்தும், ஜாடி மாற்றும்போது சிறிது வெளியேறியும் குறையும். நிறம் தானே ஓரளவு மீளும். பொறுத்திருக்கச் சொல்லியிருந்தால் போதும்.

மற்றக் குழாய்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கொதிநீரில் ஒரு மணி நேரம் நிறுத்திய சாறு செங்கல் நிறத்துக்கு மங்கியது. பழத்தின்மேல் கொதிநீரை ஊற்றும் பழக்கம் கிருமிக்கு நல்லது, நிறத்துக்கு அவ்வளவு நல்லதன்று. தேநீர் வடிசலைச் சிறிது சேர்த்ததில் நிறம் சற்று ஆழ்ந்தது, பெரிதாகச் சொல்வதற்கில்லை. ஆனால் அங்குள்ள பழைய ஒயின்காரர்கள் ஜாடிக்கு ஒரு கோப்பை கடுந்தேநீர் ஊற்றும் வழக்கத்தில் பொருள் உண்டு. தேநீரிலுள்ள டானின்கள் மாதக்கணக்கில் அந்தோசயனினோடு பிணைந்து பெரிய மூலக்கூறுகளாகின்றன. அப்படிப் பிணைந்த நிறமி அமில மாற்றத்துக்கும் பைசல்பைட்டுக்கும் எளிதில் அசைவதில்லை. ஒயின் முதிர முதிர ஊதா குறைந்து செங்கல் சிவப்பு வருவதும் இதனால்தான். கடைசிக் குழாயில் தேநீரோடு துளி அன்னபேதியும் சேர்த்தோம், கறுத்துவிட்டது. கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து நம் முன்னோர் எழுதுமை செய்தது இதே வினைதான். இரும்புப் பாத்திரத்தில் பழமது செய்யக்கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இத்தனையும் தெரிந்தபின்னும் ஒரு கேள்விக்கு விடை இல்லை. கந்தகம் விலகினாலும் கிழவரின் அந்தக் கருஞ்சிவப்பு வருமா? மாமாவே ஒரு யோசனை சொன்னார். "கேசரிக்குப் போடுற சிவப்புப் பவுடர் ஒரு சிட்டிகை போட்டா என்ன? பாட்டியம்மாவுக்குக் கண் மங்கல். தெரியவா போகுது?"

என்னால் உடனே விடைகூற முடியவில்லை. ஏற்கெனவே அவசரப்பட்டுச் சொல்லிக் கெடுத்தவன் நான். உணவில் அனுமதிக்கப்பட்ட சாயம் நஞ்சு அன்று. அளவும் சட்டத்தில் உண்டு. அவர் கேட்டது அன்பினால். ஆனால் அந்த அம்மையார் கேட்டது சிவப்பு நீரையா, கணவர் செய்ததைப் போன்ற ஒன்றையா? "யோசித்துச் சொல்றேன் மாமா" என்று நூலகத்துக்குப் போனேன்.

ஒயினுக்கு நிறம் ஏற்றிய வரலாறு நான் எண்ணியதைவிடப் பெரியது. போர்ச்சுகலின் டோரோ ஆற்றுப் பள்ளத்தாக்கில் விளையும் போர்ட் என்னும் ஒயின் பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்துக்கு ஏராளமாகச் சென்றது. கறுப்பாக இருந்தால்தான் நல்ல சரக்கு என்று வாங்குவோர் நம்பினார்கள். வெளிறிய சரக்கை வைத்திருந்தவர்கள் எல்டர்பெர்ரி என்னும் சிறு கரும்பழத்தின் சாற்றைக் கலந்தார்கள். பெயர் கெட்டு விலை சரிந்தது. 1756இல் அந்நாட்டு அமைச்சர் பொம்பால் ஒரு வணிகக் கழகத்தை நிறுவி, எந்த நிலப்பகுதியின் ஒயின் போர்ட் எனப்படலாம் என்று எல்லை வகுத்தார். அப்பகுதியிலுள்ள எல்டர் மரங்களை வேரோடு பிடுங்கவும் ஆணை பிறந்தது. நிறத்துக்காக மரத்தையே பிடுங்கிய அரசாணை வேறு எங்கேனும் உண்டோ, அறியேன். 1820இல் பிரெடரிக் அக்கும் என்ற வேதியியலாளர் இலண்டனில் வெளியிட்ட உணவுக் கலப்படம் பற்றிய நூலிலும் ஒயினுக்கு நிறமேற்றும் தந்திரங்கள் இடம்பெற்றன.

அதன்பின் வந்தது இன்னும் கொடியது. 1870களில் பிரான்சில் ஃபூக்சின் என்னும் செயற்கைச் சாயம் ஒயினில் புகுந்தது. அச்சாயத்தை ஆர்செனிக் அமிலம் கொண்டு தயாரித்த காலம் அது. தூய்மை செய்யாத சாயத்தில் ஆர்செனிக் தங்கியிருந்தது. வேதியியலாளர்கள் ஒயினில் ஃபூக்சினைக் கண்டறியும் சோதனைகளை வகுப்பதில் மும்முரமானார்கள். ஒயின் என்றால் என்ன என்பதையே சட்டம் சொல்ல வேண்டியதாயிற்று. 1889 ஆகஸ்டில் வந்த கிரிஃப் சட்டம், புதிய திராட்சை நொதித்து உண்டானது மட்டுமே அப்பெயருக்கு உரியது என்றது. இது அந்நியர் கதை என்று ஒதுக்க வேண்டாம். 2024 பிப்ரவரியில் ரோடமின்-பி என்னும் துணிச்சாயம் கண்டுபிடிக்கப்பட்டதால் நம் மாநிலத்தில் பஞ்சு மிட்டாய் விற்பனைக்குத் தடை விதித்தது நினைவிருக்கும்.

படித்துக்கொண்டே வந்தவன் எல்டர்பெர்ரி என்ற சொல்லில் நின்றுவிட்டேன். கிழவரின் குறிப்பேட்டின் பக்கங்களை மாமா முன்பே படமெடுத்து அனுப்பியிருந்தார். ஒவ்வோர் ஆண்டுக் கணக்கிலும் பிளாக்பெர்ரியின் எடைக்குப் பக்கத்தில் ஓரத்தில் 'ஈ' என்னும் ஆங்கில எழுத்தும் அதையடுத்து அரை, முக்கால், ஒன்று என ஓர் எண்ணும் இருக்கும். தேதியோ தரமோ என்று நாங்கள் இருவரும் விட்டுவிட்டோம். எல்டர் என்பதன் முதலெழுத்தும் அதுதானே! மாமா போய்க் கேட்டதும் அம்மையார் தயங்காமல் சொன்னாராம்: "ஆமாம், எப்போதும் இரண்டு பைகளோடுதான் திரும்புவார். சின்னப் பையில் இருப்பதை என் முட்கரண்டியால் காம்பிலிருந்து உதிர்ப்பார். முட்கரண்டி கறுத்துப்போகும் என்று சண்டை போடுவேன்."

டோரோவில் மோசடியாக இருந்தது அந்தக் கிழவரின் வீட்டில் முறையாக இருந்தது. பழத்தோடு பழம் சேர்ந்து நொதித்து, பெயரும் பழமது என்றே சொல்லி, யாரிடமும் எதையும் மறைக்காமல் கொடுத்தது. எல்டர்பெர்ரியில் சயனிடின் வகை நிறமியும் டானினும் மிகுதி. நிறமும் கிடைக்கும், அந்நிறத்தைப் பிடித்துவைக்கும் பிணைப்பும் கிடைக்கும். ஒன்றை மட்டும் எச்சரிக்க வேண்டும். அதன் இலை, காம்பு, பச்சைக் காய் ஆகியவற்றில் சயனைடு தரும் பொருள் உண்டு. பழத்தையும் வேகவைத்தே பயன்படுத்த வேண்டும்.

சயனிடின் என்றதும் ஒரு கிளைக்கதை. நீலக் கார்ன்ஃபிளவர் மலரிலும் சிவப்பு ரோஜாவிலும் இருப்பது இதே சயனிடின்தான் என்று காட்டியவர் 1915இல் நோபல் பரிசு பெற்ற வில்ஸ்டேட்டர். இந்நிறமிகளை ஆய்வகத்தில் தொகுத்துக் காட்டியவர்களுள் முதன்மையானவர் 1947இல் அப்பரிசு பெற்ற இராபர்ட் இராபின்சன். மான்செஸ்டரில் அவரிடம் ஆராய்ச்சி மாணவராக இருந்தவர் நம் குளித்தலையில் 1900இல் பிறந்து சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற டி. ஆர். சேஷாத்திரி. பின்னர் ஆந்திரப் பல்கலைக்கழகத்திலும் டெல்லிப் பல்கலைக்கழகத்திலும் பருத்திப் பூ முதலியவற்றின் நிறமிகளை ஆராய்ந்து உலகப்புகழ் பெற்றார். கரூர் போகும் இரயிலில் எத்தனையோ முறை குளித்தலையைக் கடந்திருக்கிறேன். இது தெரியாமலே கடந்திருக்கிறேன்.

செய்த வேலைக்கு வருகிறேன். பேராசிரியர் விதித்த நிபந்தனை ஒன்றே: ஜாடியில் எதையும் போடாதே, முதலில் சிறு கண்ணாடிக் குவளையில் 50 மில்லியில் போட்டுப் பார். டிசம்பரில் இதைச் செய்திருந்தால் ஐம்பது மில்லியோடு போயிருக்கும். சோடா விழுந்த ஜாடியிலிருந்து மாமா ஒரு குவளை எடுத்து, சிட்ரிக் அமிலத்தைச் சிறிது சிறிதாகச் சேர்த்தார். லிட்டருக்கு ஏறக்குறைய 6 கிராம் என்னும் அளவில் சாம்பல் ஊதா போய் ஒருவகைச் சிவப்பு வந்தது. முழுச் சிவப்பன்று, பழுப்பு கலந்திருந்தது. நானும் சற்று மகிழ்ந்தேன். "கலர் வந்துடுச்சு மாப்ளே, ஆனா கடல் தண்ணி மாதிரி கரிக்குது" என்றார். கணக்குப் போட்டேன். 30 கிராம் சோடாவில் 8 கிராமுக்குமேல் சோடியம். நாலரை லிட்டரில் அதைப் பகிர்ந்தால் லிட்டருக்கு 1.8 கிராம். கடல்நீரில் உள்ள சோடியத்தில் ஆறில் ஒரு பங்கு. அமிலத்தால் நிறத்தைத் திருப்பலாம். போட்ட உப்பை எடுக்க முடியாது. அந்த ஜாடியை அவர் ஊற்றிவிட்டார். ஊற்றும்போது படம் அனுப்பவில்லை.

தொடாத ஜாடியை ஒருமுறை சலசலவென்று வேறு ஜாடிக்கு மாற்றி, ஒளி படாமல் பழுப்புத் தாள் சுற்றி வைத்தார். நிறம் ஓரளவு மீண்டது. நம் ஊர்ச் செம்பருத்திப் பானத்தின் அளவுக்கு. எல்டர்பெர்ரிப் பருவம் முடிந்துவிட்டபடியால், வீட்டு ஒயினுக்கான பொருள்கள் விற்கும் கடையில் உலர்ந்த பழம் 100 கிராம் வாங்கி, சிறிது நீரில் கால்மணி நேரம் கொதிக்கவைத்து, ஆறவைத்து வடிகட்டினார். அதைக் குவளையில் துளித்துளியாகச் சேர்த்துக் கிழவரின் புட்டியோடு சன்னல் வெளிச்சத்தில் ஒப்பிட்டு, பின்னர் அதே விகிதத்தில் ஜாடியில் கலந்தார். புளிப்பைத் தொடவில்லை, பரிமாறும்போது சர்க்கரைப்பாகு சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம். படிந்து தெளிய ஆறு வாரம் ஆயிற்று.

மார்ச்சில் பிறந்தநாளன்று மூதாட்டி குவளையைச் சன்னலருகே கொண்டுபோய் நீண்ட நேரம் பார்த்தாராம். கணவருடையதைவிட ஒரு படி வெளிறல்தான் என்றாராம். மாமா மறைக்கவில்லை, உலர்ந்த பழம் பின்னால் சேர்த்தது, மூன்று மாத்திரை, மருமகனின் சோடா எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அம்மையார் சிரித்துவிட்டு இன்னொரு குவளை கேட்டாராம். குறிப்பேட்டில் அந்த ஆண்டுக்கான வரியை அவரே தம் கையால் எழுதினார். பிளாக்பெர்ரியின் எடை, ஓரத்தில் 'ஈ', அதன்கீழே என் பெயரைப் பிழையோடு எழுதி, பக்கத்தில் 'சோடா வேண்டாம்' என்று இருக்கிறது. மாமா அனுப்பிய அந்தப் படத்தை ஆய்வகத்தில் காட்டினேன். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இரண்டு முறை படித்தார்.